மென்சிற்பங்களோடு ஆடுவது: யார் யாரை ஆட்டுகிறார்கள்?

#1 ஜன்னலோரம்

போன வாரம் ஒரு கலைக்கூடத்தில் சமகால நடன நிகழ்ச்சி ஒன்று பார்த்தேன். இன்னும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

மேடை கிடையாது, நாற்காலி கிடையாது. பெரிய வெள்ளைக் கூடம். தரையில் ஐந்து மென்சிற்பங்கள், அதாவது துணியில் தைத்து உள்ளே எதையோ அடைத்த உருவங்கள். ஒன்று ஆள் உயரத்துக்கும் மேலே, பாறை மாதிரி. ஒன்று பத்து பன்னிரண்டு அடி நீளத்துக்கு வளைந்து கிடந்தது. மற்றவை இடுப்பளவு. மூன்று பேர் ஆடினார்கள். நாங்கள் சுவரோரமாக நின்றும் உட்கார்ந்தும் பார்த்தோம்.

பாதி நிகழ்ச்சியில் ஒரு பெண் அந்தப் பெரிய உருவத்தின் மேல் முதுகைச் சாய்த்தார். மெல்ல உள்ளே போனார். தோள், இடுப்பு, பின்னந்தலை எல்லாம் புதைந்துவிட்டன. முகமும் முழங்கால்களும்தான் வெளியே. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு எழுந்து நடந்து போய்விட்டார். அவர் இருந்த இடத்தில் அவருடைய குழி இருந்தது. தலைக்கு ஒரு பள்ளம், தோள்பட்டைகளுக்கு இரண்டு. அது மெதுவாக நிரம்ப ஆரம்பித்தது. கூடத்தில் இருந்த முப்பது நாற்பது பேரும் ஆடுபவர்களை விட்டுவிட்டு அந்தக் குழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். தலைப்பள்ளம் கடைசியாக மறைந்தது.

மறுநாள் மறுபடியும் போனேன். அன்று நடனம் இல்லை. அதே ஐந்து உருவங்கள், அதே இடம். பத்து நிமிஷம் சுற்றிச் சுற்றி வந்தும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

என்னோடு வந்த நண்பர், "பெரியவர்கள் போட்ட தலையணைச் சண்டை, அவ்வளவுதான்" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் பதில் சொல்லவும் தெரியவில்லை. இந்த உருவங்கள் சிற்பங்களா, நடனத்துக்கான சாமான்களா? ஆடியவர்கள், செய்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்களேன்.

#2 வெறுங்கால்

உங்கள் நண்பர் சொன்னதில் தப்பே இல்லை. முதல் வாரம் எங்களுக்கும் அது தலையணைச் சண்டைதான். மென்சிற்பங்களோடு இரண்டு தயாரிப்புகளில் ஆடியிருக்கிறேன். இரண்டிலும் முதல் நாள் எல்லோரும் செய்தது ஒன்றுதான்: ஏறினோம், குதித்தோம், ஒருவர் மேல் ஒருவர் தூக்கிப் போட்டோம், சிரித்தோம். பார்க்க நன்றாகவே இருக்கும், ஐந்து நிமிஷத்துக்கு. அதற்கப்புறம் ஒன்றும் இருக்காது.

இரண்டாவது வாரம் நடன அமைப்பாளர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். தினம் காலையில் முக்கால் மணி நேரம் ஆளுக்கொரு உருவத்தோடு சும்மா படுத்திருக்க வேண்டும். பொறுக்கவே முடியவில்லை. மூன்றாம் நாள்தான் புரிந்தது, ஒவ்வொன்றும் உடம்பை வேறு மாதிரி வாங்குகிறது. சாதாரண ஃபோம் அடைத்தது, நாம் தள்ளினால் திருப்பித் தள்ளும். பாலியஸ்டர் பஞ்சு பாதியை வாங்கிக்கொண்டு பாதியைத் திருப்பித் தரும். தெர்மாகோல் மணி முழுசாக வாங்கிக்கொள்ளும், எதையும் திருப்பித் தராது; நம்முடைய வடிவத்தை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். மணல் கீழே இழுக்கும். நீங்கள் பார்த்த குழி தானாக நிரம்பியது என்றால் உள்ளே மெல்ல எழும் வகை ஃபோம், மெத்தைக் கடைகளில் மெமரி ஃபோம் என்பார்களே, அதுவாகத்தான் இருக்கும். மணியாக இருந்திருந்தால் யாராவது வந்து குலுக்கும்வரை குழி அப்படியே கிடந்திருக்கும்.

இதில் ஆடுபவருக்கு என்ன கஷ்டம் என்றால் தாமதம். 1972-இல் அமெரிக்க நடனக் கலைஞர் ஸ்டீவ் பாக்ஸ்டன் தொடங்கிய கான்டாக்ட் இம்ப்ரோவைசேஷன் தெரிந்திருக்கும். இரண்டு உடம்புகள் ஒன்றின் எடையை இன்னொன்று தாங்கிக்கொண்டே அந்தந்த நொடியில் ஆடுவது. அதில் எதிரே இருப்பவர் மூச்சு இழுப்பார், முழங்கை இறுகும், அடுத்து என்ன வரப்போகிறது என்று தோலுக்குத் தெரிந்துவிடும். துணி உருவம் முன்கூட்டி எதையும் சொல்லாது. அந்த நீளமான உருவம் போலவே ஒன்று எங்களிடமும் இருந்தது. ஒரு நுனியைத் தூக்கி வீசினேன். நடு உடம்பு அரை நொடி கழித்துக் கிளம்பியது. நான் அடுத்த அசைவுக்குத் திரும்பிவிட்டேன். மறுநுனி அதற்கும் பிறகு வந்து கணுக்காலில் அடித்தது, விழுந்தேன். அன்றிலிருந்து, வீசிவிட்டு அது வந்து சேரும்வரை காத்திருக்கக் கற்றுக்கொண்டோம். அந்தக் காத்திருப்பு வந்த பிறகுதான் அது நடனமாக ஆனது.

தலைப்பில் கேட்டிருக்கிறீர்களே, யார் யாரை ஆட்டுகிறார்கள் என்று. எங்கள் அனுபவத்தில் தாளம் உருவத்தினுடையது. நாங்கள் அதற்கு ஆடினோம்.

#3 பழைய அலமாரி

அருமையான விவாத இழை. வெறுங்கால் சொன்ன 'காத்திருப்பு' விஷயம் நடன வரலாற்றில் ரொம்பப் பழசு என்பதால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

துணியைத் துணையாக வைத்து ஆடுவது என்றால் அமெரிக்க நடனக் கலைஞர் லோயி ஃபுல்லரில் தொடங்க வேண்டும். 1890-களில் கஜக்கணக்கான பட்டைப் போர்த்திக்கொண்டு, கைக்குள் நீளக் கழிகளைப் பிடித்துச் சுழற்றி ஆடினார். கை நின்ற பிறகும் துணி ஓடிக்கொண்டிருக்கும், அதுதான் அதில் பார்க்க வேண்டியது. அந்த உடையமைப்புக்கு 1894-இல் அமெரிக்காவில் காப்புரிமையே வாங்கினார். 1930-இல் மார்த்தா கிரகாம் 'லாமென்டேஷன்' ஆடினார். இழுபடும் ஜெர்சித் துணியில் தைத்த ஒரு குழாய்க்குள் உட்கார்ந்தபடியே முழு ஆட்டமும். முகம், கை, பாதம் தவிர எதுவும் தெரியாது. முழங்கால் ஒரு பக்கம் தள்ளும், முழங்கை எதிர்ப்பக்கம் தள்ளும், நடுவில் துணி விறைக்கும். துக்கம் அந்த விறைப்பில்தான் இருக்கிறது. 1953-இல் ஆல்வின் நிகோலை தன் நடனக்காரர்களை இழுவைத் துணிப் பைகளுக்குள்ளேயே போட்டுவிட்டார். ஆள் தெரிவதில்லை, உருவம் மட்டும்தான் தெரியும்.

சிற்பப் பக்கம் வந்தால் 1962. நியூயார்க் கிரீன் கேலரியில் க்ளேஸ் ஓல்டன்பர்க் கேன்வாஸில் தைத்த ராட்சத உருவங்களைத் தரையில் வைத்தார். ஒரு கேக் துண்டு, ஒரு ஐஸ்கிரீம் கோன், ஒரு பர்கர். பர்கருக்கு உள்ளே நுரை ரப்பரும் அட்டைப் பெட்டிகளும். தைத்தவர் அப்போதைய மனைவி பேட்டி முச்சா. அவர் பெயரை எழுதாமல் மென்சிற்ப வரலாறு எழுதுவது அநியாயம் என்று நினைக்கிறேன், ஆனால் பல காலம் அப்படித்தான் எழுதினார்கள். அதே 1962-இல் யாயோய் குசாமா கை வைத்த ஒரு நாற்காலி முழுக்கப் பஞ்சடைத்த துணிப் புடைப்புகளைத் தைத்து மூடினார்.

இந்த விவாதத்துக்கு முக்கியமான விஷயம் இதுதான்: ஓல்டன்பர்க்கின் மென்சிற்பங்கள் அவர் நடத்திய நிகழ்த்துகலைகளில் பயன்படுத்திய சாமான்களிலிருந்துதான் வளர்ந்தன. அந்த நிகழ்ச்சி ஒன்றுக்காகச் செய்த 'அப்சைட் டவுன் சிட்டி' இன்றைக்கு ஓர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் சிற்பமாக இருக்கிறது. சாமானா சிற்பமா என்ற கேள்விக்கு, இந்தக் கலை பிறந்த வருஷத்திலேயே இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது என்பது என் பதில்.

#4 உளிச்சத்தம்

நான் மரத்திலும் கல்லிலும் வேலை செய்பவன். எல்லோரும் சேர்ந்து பாராட்டுவதால் எதிர்ப்பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

ஜன்னலோரம் எழுதியதிலேயே என் வாதம் இருக்கிறது. மறுநாள் போனபோது ஒன்றும் பிடிபடவில்லை என்கிறார். அப்படியென்றால் அந்த ஐந்து உருவங்களும் தனியாக நிற்கவில்லை. ஒரு சிற்பம் யாரும் இல்லாத அறையிலும் வேலை செய்ய வேண்டும். விளக்கை அணைத்துவிட்டுப் போன பிறகும் அது அங்கே 'இருக்க' வேண்டும். மனித உடம்பு பக்கத்தில் வந்த உடனே கண் உடம்புக்குத்தான் போகும், அதிலும் முகத்துக்கு. அது நம் கண்ணின் இயல்பு, சிற்பி என்ன செய்தாலும் தோற்பார். ஆடுபவர்கள் போனதும் மிச்சம் இருப்பது அவர்கள் விட்டுப்போன மூட்டைகள்.

இன்னொன்றும் சொல்கிறேன். கூட்டம் சேர்க்க வேண்டும் என்பதற்காகவே பல கூடங்கள் நடனத்தைக் கொண்டுவருகின்றன. ஏற்கெனவே முடிந்துபோன சிற்பங்களுக்கு நடுவே கடைசி வாரத்தில் நான்கு பேரை ஆடவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நடனத்துக்கும் மரியாதை இல்லை, சிற்பத்துக்கும் மரியாதை இல்லை.

#5 வெறுங்கால்

கடைசிப் பத்தியை முழுசாக ஒப்புக்கொள்கிறேன். சிற்பம் முடிந்த பிறகு கூப்பிட்டால் நாங்களும் அலங்காரம்தான். நான் ஆடிய இரண்டில் ஒன்று அப்படி. அதைப் பற்றிப் பேசவே பிடிக்கவில்லை. இன்னொன்றில் தைப்பவர் முதல் ஒத்திகையிலிருந்தே எங்களோடு இருந்தார். நாங்கள் விழுந்த விதத்தைப் பார்த்துப் பிரித்துத் தைத்தார், அடைப்பை மாற்றினார். ஒரு உருவத்துக்கு ஏழு தடவை உள்ளே இருப்பதை மாற்றினோம்.

முகத்துக்குத்தான் கண் போகும் என்பதும் உண்மை. அதற்காகத்தான் எங்களைப் பெரும்பாலும் முதுகு காட்டி ஆட வைத்தார்கள்.

#6 பழைய அலமாரி

உளிச்சத்தம், உங்கள் அளவுகோலைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்கிறேன். ஜெர்மன் கலைஞர் ஃப்ரான்ஸ் எர்ஹார்ட் வால்ட்டர் 1963 முதல் 1969 வரை செய்த 'முதல் வேலைத் தொகுப்பு' பார்த்திருக்கிறீர்களா? 58 துணி உருப்படிகள். தலையில் மாட்டிக்கொண்டு இருவர் எதிரெதிரே நிற்பது, நீளத் துணிக்குள் வரிசையாகப் படுப்பது, இடுப்பில் கட்டி விலகி இழுப்பது. யாரும் பயன்படுத்தாதபோது அவை மடித்து அடுக்கிய துணி. அந்த மடித்த நிலையையும் அவர் மறைக்கவில்லை, அதுவும் வேலையின் ஒரு நிலை என்றே காட்டினார். ஆனால் சிற்பம் என்று அவர் சொல்வது உடம்புகள் உள்ளே வந்து நிற்கும் அந்த நேரத்தைத்தான். 2017-இல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் சிறந்த கலைஞருக்கான தங்கச் சிங்கம் அவருக்குத்தான் கொடுத்தார்கள்.

அடுத்தது செங்கா நெங்குடி. 1975-இல் தொடங்கிய 'ஆர்.எஸ்.வி.பி.' வரிசை. பெண்கள் போட்டுப் பழசான நைலான் காலுறைகள், உள்ளே மணல். சுவரில் ஆணியடித்து இழுத்துக் கட்டி, மணல் கனத்தில் தொங்கவிட்டார். பிள்ளை பெற்ற பிறகு தன் உடம்பு இழுபட்டதும் திரும்பச் சுருங்கியதும்தான் அதற்கு வித்து. அந்த வலைக்குள் புகுந்து மேரன் ஹாசிங்கர் ஆடினார், இழுத்தார், முறுக்கினார்.

1968-இல் நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமின் 'ரெயின்ஃபாரஸ்ட்' இன்னொரு வகை. ஆண்டி வார்ஹோலின் ஹீலியம் நிரப்பிய வெள்ளித் தலையணைகள் மேடையெங்கும் மிதக்கும். ஆடுபவர் கையை வீசினால் அந்தக் காற்றிலேயே தலையணை நகர்ந்துவிடும், சில சமயம் பார்வையாளர் பக்கமே போய்விடும். ஒவ்வொரு இரவும் மேடை வேறு மாதிரி இருக்கும். இதில் யார் அலங்காரம்?

#7 உளிச்சத்தம்

நெங்குடியைச் சொல்லி என்னை மடக்கப் பார்க்கிறீர்கள், ஆனால் அவர் என் பக்கம்தான். அந்தக் காலுறைகளை நடனம் இல்லாமல் தனியாக ஒரு கண்காட்சியில் பார்த்தேன். அரை மணி நேரம் அங்கிருந்து நகரவில்லை. மணல் இறங்கி முடிந்த இடத்தில் நைலான் இழுபட்டு மெலிந்து, தோல் போலவே ஒளி ஊடுருவும் நிறத்தில் இருந்தது. உடம்பு இல்லை, ஆனால் உடம்பு பட்ட பாடு முழுக்க இருந்தது. இதைத்தான் கேட்கிறேன். ஆடிய பிறகு ஆட்டம் பொருளில் தங்க வேண்டும். மெமரி ஃபோம் குழி என்ன செய்கிறது? ஒரு நிமிஷத்தில் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. அழகுதான். ஆனால் மறுநாள் வருகிறவருக்கு என்ன இருக்கிறது?

வால்ட்டரைப் பற்றி யோசிக்க வேண்டும். அவசரமாகப் பதில் சொல்ல விரும்பவில்லை.

#8 ஊசிமுனை

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். நான் தைப்பவள். சிற்பிகளுக்கும் நடனக் குழுக்களுக்கும் இந்த மாதிரி உருவங்கள் தைத்துக் கொடுத்திருக்கிறேன், இரண்டும் வேறு வேறு வேலை.

பார்வைக்கு வைக்கிற உருவத்தில் தையல் வடிவத்தைப் பிடிக்கணும். ஆடுகிற உருவத்தில் தையல் எடையைத் தாங்கணும். அறுபது கிலோ ஆள் இரண்டடி உயரத்திலிருந்து விழுந்தால் உள்ளே இருக்கும் காற்றுக்குப் போக வழி வேண்டும். கெட்டியான கேன்வாஸை ஓட்டை இல்லாமல் தைத்தால் அது பலூன் மாதிரி விம்மி ஆளை வீசிவிடும், இல்லையென்றால் ஏதாவது ஒரு மூலையில் வெடிக்கும். அதனால் அடிப்பக்கத்தில் வலைத்துணி வைத்துத் தைப்பேன், காற்று அதன் வழியாகப் போகும். உருவம் மூச்சு விடுகிறது என்று ஆடுபவர்கள் சொல்வது அந்த வலைத்துணியின் சத்தத்தைத்தான்.

அடைப்பை எப்போதும் தனி உள்பையில் போடணும். இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதல் தடவை அவசரத்தில் தெர்மாகோல் மணிகளை நேரடியாக வெளித்துணிக்குள் கொட்டித் தைத்துவிட்டேன். ஒத்திகையில் ஒருவர் பக்கவாட்டில் உருண்டார். தையல் ஓரம் ஒரு விரல் நீளத்துக்குத்தான் விட்டது. அதற்குள் மணி பீறிட்டுக்கொண்டு வந்தது. அதற்கு நிலைமின்னூட்டம் வேறு. ஆடுபவர்களின் கால், தலைமுடி, இமை வரைக்கும் ஒட்டிக்கொண்டது. பெருக்கினால் துடைப்பத்தை விட்டு ஓடுகிறது. கூடத்தில் இருந்த ஒருவர் ஈரத்துணியைப் போட்டு ஒற்றி ஒற்றி எடுக்கச் சொன்னார், அதுதான் வழி. நாலு மணி நேரம் ஆனது. அன்று அழுதேன். அடுத்த நாளிலிருந்து வெளித்துணி ஒன்று, உள்ளே நெருக்க நெசவில் இன்னொரு பை, ஜீன்ஸ் பேண்டின் உள்காலில் இருக்குமே அந்த மடித்த இரட்டைத் தையல். ஜிப் வைத்தால் அதன் மேல் ஒரு மூடி மடிப்பு. இல்லையென்றால் ஜிப் முனை ஆடுபவரின் முதுகைக் கீறிவிடும்.

உளிச்சத்தம், நீங்கள் கேட்டதற்கு ஒரு பதில். மணி நாளாக நாளாக நசுங்கிக் கொள்ளளவு குறையும். பஞ்சு கட்டி கட்டும். ஆடிய இடமெல்லாம் தொய்யும். ஒரு மாதம் ஆடிய உருவத்தையும் ஆடாத உருவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணை மூடித் தடவியே சொல்லிவிடுவேன். மறப்பதில்லை அது. மெதுவாக ஞாபகம் வைக்கிறது.

#9 மூலை நாற்காலி

நான் கூடத்தில் பார்வையாளர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலை. கலை தெரிந்து வந்தவன் இல்லை, பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் அந்த உருவங்களோடு ஒரே அறையில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நடனம் நடக்கும் நாளில் என்ன நடக்கும் என்றால், ஆடுபவர்கள் முடித்துவிட்டுப் போன அடுத்த நிமிஷம் ஜனங்கள் கையை நீட்டிக்கொண்டு வருவார்கள். அவ்வளவு நேரம் வேறு ஒருவர் அதில் புதைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள் அல்லவா, உடம்பே தானாகப் போகிறது. "தொடாதீர்கள்" என்று சொல்லும்போது சிலர் கையைத் தங்கள் மார்போடு கட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வயதான அம்மா என்னிடம், "அவங்க தலை வெச்ச இடம் சூடா இருக்கா பாத்து சொல்றியா தம்பி?" என்று கேட்டார். எனக்கும் தொட அனுமதி இல்லை. சொல்ல முடியவில்லை.

தொடவிட்டால் என்ன என்று எங்கள் கூடத்திலும் ஒரு தடவை பேச்சு வந்தது. அப்போது ஒருவர் சிற்பி ராபர்ட் மாரிஸின் கதையைச் சொன்னார். 1971-இல் லண்டன் டேட் கேலரியில் பார்வையாளர்கள் ஏறி, உருட்டி, ஊஞ்சலாடும்படி பலகைகளும் உருளைகளும் வைத்தார். ஆர்வத்தில் ஜனங்கள் அடிபட்டுக்கொண்டார்கள், பொருள்களும் உடைந்தன, சில நாட்களிலேயே மூடிவிட்டார்கள். 2009-இல் பத்திரமான முறையில் திரும்பச் செய்தார்கள். அது மரமும் இரும்பும். துணி என்றால் யாருக்கும் பயமே வராது, அதுதான் ஆபத்து. உள்ளே எதுவும் இல்லை என்று நினைத்து ஓடி வந்து குதிப்பார்கள்.

எங்கள் கூடத்தில் கடைசியில் ஒரு சின்ன ஏற்பாடு செய்தார்கள். அதே துணி, அதே அடைப்பில் ஒரு முழ அளவு உருவம் ஒன்று வாசலுக்குப் பக்கத்தில். அதைத் தொடலாம். கையை அதில் அழுத்திவிட்டு உள்ளே வருபவர்கள் நடனத்தை வேறு மாதிரி பார்த்தார்கள். தோளை அசைத்துக்கொண்டே பார்த்தார்கள்.

#10 பழைய அலமாரி

மூலை நாற்காலி எழுதியதைப் படித்ததும் ஓய்ட்டிசிகா ஞாபகம் வந்தது. 1965-இல் ரியோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பிரேசில் கலைஞர் ஹேலியோ ஓய்ட்டிசிகா தன் 'பராங்கோலே' துணிப் போர்வைகளை மாங்கேரா என்ற சம்பா நடனக் குழுவின் ஆட்டக்காரர்களுக்குப் போர்த்தி அழைத்து வந்தார். உள்ளே விடவில்லை. வெளியே தோட்டத்தில் ஆடினார்கள். தடுத்தது துணியை அல்ல, அதைப் போட்டிருந்த உடம்புகளை. ஏழைகள் வாழும் குன்றுகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள். இன்றைக்கு அவருடைய போர்வைகளை உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்கள் பத்திரமாக வைக்கின்றன. இது எனக்கு இன்னும் ஆறாத விஷயம்.

#11 ஐம்பது லக்ஸ்

துணிப் பொருட்களைப் பாதுகாக்கும் துறையில் இருக்கிறேன். யாரும் இந்தப் பக்கத்தைச் சொல்லவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன்.

பாலியூரிதேன் ஃபோமுக்கு ஆயுசு குறைவு. ஒளியும் காற்றும் ஈரமும் பட்டு முதலில் மஞ்சளாகும், பிறகு தொட்டால் உதிரும். இருபது முப்பது வருஷத்தில் பல பொருட்கள் அந்த நிலைக்கு வந்துவிடுகின்றன. சாயம் போட்ட துணிக்கு 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் வேண்டாம் என்பது நாங்கள் வழக்கமாகச் சொல்வது. நடனம் என்றால் அதைவிடப் பல மடங்கு வெளிச்சம் கேட்கிறார்கள். வியர்வையில் உப்பும் அமிலமும் இருக்கின்றன, துணியில் தங்கினால் இழையை அரிக்கும். கம்பளி ஃபெல்ட்டில் செய்ததற்கு அந்துப்பூச்சி வரும். காற்றுப் புகாத உறையில் மூடி மைனஸ் 30 டிகிரியில் மூன்று நாள் உறைய வைப்போம். அப்புறம் தீ. ஃபோம் எரிந்தால் நொடியில் பரவும், புகை விஷம். தீ தாங்கும்படி பதப்படுத்தாத ஃபோமைக் கூட்டம் இருக்கும் அறையில் வைக்கவே கூடாது. இதில் பேரமே கிடையாது.

ஆகவே என் கருத்து: ஆடுவதற்கு ஒன்று, பாதுகாக்க ஒன்று என்று இரண்டு செய்யுங்கள். இப்போது பல அருங்காட்சியகங்கள் அப்படித்தான் செய்கின்றன. உடம்பு படாத பிரதி ஒன்று இருந்தால்தான் ஐம்பது வருஷம் கழித்து வருபவருக்கு அது எப்படி இருந்தது என்று தெரியும்.

#12 ஊசிமுனை

தீ விஷயத்தில் நூற்றுக்கு நூறு சரி. அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் இரண்டு செய்வது என்பதில் மனம் ஒப்பவில்லை. ஆடாத ஒன்றை எடுத்து வைத்தால் ஐம்பது வருஷம் கழித்து வருபவர் பார்ப்பது நாங்கள் ஆரம்பித்த இடத்தை. ஏழு தடவை பிரித்துத் தைத்தது, ஒருவர் தலை எப்போதும் வைத்ததால் அங்கே மட்டும் சாயம் மங்கியது, ஒட்டுப்போட்டது, இதெல்லாம் இல்லாத ஒரு புதுத்துணியை அது என்று காட்டுவதா? உதிரட்டும். வெட்டு வடிவத் தாள்களையும், எந்த அடைப்பு எத்தனை கிலோ, எந்தத் தையல் என்ற கணக்கையும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். வேண்டும் என்றால் அன்று இருக்கிறவர்கள் அன்றைய ஆட்டக்காரர்களுக்கு ஏற்றபடி புதிதாகத் தைத்துக்கொள்ளட்டும். நடனக் கலைஞர் சிமோன் ஃபோர்ட்டியின் 'டான்ஸ் கன்ஸ்ட்ரக்ஷன்ஸ்' 1960, 61-இல் செய்தது, 2015-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் வாங்கியது. வாங்கியது பலகையையும் கயிற்றையும் மட்டும் அல்ல, எப்படி ஆடுவது என்று கற்றுக்கொடுக்கும் முறையையும்தான். துணிக்கும் அது பொருந்தும்.

#13 ஐம்பது லக்ஸ்

தொழில்முறையில் என்னால் "உதிரட்டும்" என்று சொல்ல முடியாது. ஆனால் வெட்டு வடிவமும் அடைப்புக் கணக்கும் பொருளோடு சேர்ந்தே வர வேண்டும் என்பதை எழுதி வைத்துக்கொண்டேன். பெரும்பாலும் எங்களுக்கு அது வருவதே இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தையலைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

#14 வெறுங்கால்

பொருளுக்கு இவ்வளவு பேசினோம், ஆடுபவரின் உடம்புக்கும் இரண்டு வரி. கலைக்கூடத் தரை சிமென்ட் அல்லது கல். நடன அரங்கில் தரைக்கு அடியில் துள்ளல் கொடுக்கும் அமைப்பு இருக்கும், இங்கே இல்லை. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி மூன்றாம் நாளே வந்துவிடும். மென்சிற்பம் மெத்தை மாதிரிதானே, அடிபடாது என்று ஏற்பாட்டாளர்கள் நினைக்கிறார்கள். விழுவது அதன் மேல், ஆனால் உருண்டு வருவது சிமென்டுக்கு. மெல்லிய வினைல் விரிப்பாவது போடச் சொல்லிக் கேளுங்கள். பத்து நிமிஷம் முகம் புதைத்து ஆடினால் உள்ளே காற்று சூடாகி மயக்கம் வரும். எங்கே மூச்சு எடுப்பது என்பதையும் ஒத்திகையிலேயே குறித்துவிடுங்கள்.

ஜன்னலோரம், நடனம் இன்னும் நடக்கிறதா? நடந்தால் இன்னொரு தடவை போங்கள். இந்தத் தடவை ஆடுபவர்களைப் பார்க்காதீர்கள். அவர்கள் ஒன்றை விட்டுப் போன பிறகு அந்த ஒன்றையே பாருங்கள்.

#15 உளிச்சத்தம்

வால்ட்டரைப் பற்றி யோசித்தேன். என் பட்டறையில் ஒரு வேலை இருக்கிறது, செதுக்கி முடித்து ஆறு வருஷம். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் கை வைக்கிறார்கள், அங்கே மட்டும் மரம் மினுங்குகிறது. அந்த இடத்தை நான் மறுபடியும் இழைத்துச் சரிசெய்யவில்லை. ஏன் என்று இதுவரை என்னையே கேட்டுக்கொண்டதில்லை. யாரும் இல்லாத அறையிலும் சிற்பம் நிற்க வேண்டும் என்பதை இன்னமும் நம்புகிறேன். யாரும் வராமலே நிற்க வேண்டும் என்று இனி சொல்ல மாட்டேன்.

#16 ஜன்னலோரம்

எல்லோருக்கும் நன்றி. நேற்று கடைசி நாள், போய் வந்தேன். வெறுங்கால் சொன்னபடி செய்தேன்.

முதலில் ரொம்பக் கஷ்டமாக இருந்தது, கண் முகத்துக்கே ஓடியது. பதினைந்து நிமிஷத்துக்குப் பிறகு பழகிவிட்டது. அந்த நீளமான உருவத்தை ஒருவர் தோளில் போட்டுச் சுமந்து வந்து சுவரில் சாய்த்துவிட்டுப் போனார். எல்லோரும் அவர் பின்னாலேயே திரும்பினார்கள். நான் திரும்பவில்லை. அது நின்றது. கொஞ்ச நேரம் நன்றாகவே நின்றது. பிறகு நடுவில் ஒரு மடிப்பு விழுந்தது, மேல்பாதி முன்னால் குனிந்தது, சுவரை உரசிக்கொண்டே இறங்கி, கடைசி ஒரு முழம் மட்டும் சட்டென்று தரையில் விழுந்தது. 'புஸ்' என்று மெல்லிய சத்தம். ஊசிமுனை சொன்ன வலைத்துணியாக இருக்கும்.

முடிந்ததும் பக்கத்தில் போய்ப் பார்த்தேன், கையைக் கட்டிக்கொண்டு. போன தடவை பிடிபடாத அதே பெரிய உருவம்தான். தலை வைக்கும் இடத்தில் சாயம் மங்கியிருந்தது. இடுப்பு உயரத்தில் ஒரு ஒட்டு. துணியின் நிறத்திலேயே நூல், கைத்தையல், சின்னச் சின்னதாகப் பதினெட்டு தையல். எண்ணினேன். போன தடவையும் அது இருந்ததா என்று கூடத்தில் இருந்தவரிடம் கேட்டேன். "அது இரண்டாவது வாரத்திலிருந்தே இருக்கிறது" என்றார்.